பணியில் இல்லாதவர்களின் பிழை

ஆலைத் தொழிலாளர்களின் நெஞ்சில் பதித்த சில்லுகளுக்கு நிரல் எழுதுவது ரெஜினாவின் வேலை. ஒருவருக்கு இதயம் தடுமாறினால் மணி அடிக்கும், இயந்திரங்கள் நிற்கும். எல்லோருடைய சில்லும் பதில் சொன்ன பிறகே மறுபடி ஓடும். விடுப்பில் வெளியூர் போனவர்களின் சில்லுகள் பதில் சொல்லாமல் ஆலையை மணிக்கணக்கில் முடக்கின. பதில் வராததையும் இதயத் தடுமாற்றத்தையும் கணினி 'பிழை' என்றே பதிந்தது. ஆளில்லாத வீட்டுக் கதவை எவ்வளவு நேரம்தான் தட்டுவது? பணியில் இல்லாதவரின் சில்லில் பிழை வந்தால் அழித்துவிட்டு நகர்ந்துவிடு என்று நாலே வரி எழுதினாள். கம்பெனி மேடையேற்றிச் சால்வை போர்த்தியது.

சங்கக் கூட்டத்தில் பேசியதற்காக, அதே ஆலையில் வேலை பார்த்த அவள் கணவன் செல்வினை இடைநீக்கம் செய்தார்கள். பதினோராம் நாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவன் அடுப்படியிலேயே சரிந்தான். சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது உயிர் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆலைக்குப் போன் செய்தாள்.

"அவருக்கு ஏன் மணி அடிக்கல?" தெரிந்தேதான் கேட்டாள்.

"மூணு தடவை பிழை வந்திருக்கு மேடம். மூணையும் சிஸ்டம் அழிச்சிருக்கு," என்றான் கட்டுப்பாட்டு அறை ஊழியன். "சார் டியூட்டில இல்லையே, ரூல்படி கரெக்ட்தான். அந்த ரூலை எழுதினவங்க பேரு இதுல இருக்கு. புகார் குடுக்கணும்னா படிக்கட்டுமா?"

"படிங்க," என்றாள் ரெஜினா.