சினை தேய்க்கும் பிரஷ்

வெள்ளவத்தை மீன்கடைக் குழாயடியில் ராகுலன் சிங்க இறாலொன்றை மல்லாத்திப் பிடித்து, பழைய பல் பிரஷால் அதன் வயிற்றைத் தேய்க்கிறான். உயிரிருக்கிற கால்கள் பிரஷைத் தள்ளித் தள்ளிப் பார்க்கின்றன. செம்மஞ்சள் மணிகள் கொத்துக் கொத்தாய் உதிர்ந்து கழிவுநீர்க் காணுக்குள் ஓடுகின்றன. “ஊத்தை மிஸ், கழுவித் தாறன்” என்கிறான், வாங்க வந்த ஸமீமாவிடம். “ஊத்தையா? அவ்வளவும் முட்டை! சினை இறால் விக்கிறது குற்றமெண்டு தெரியாதா?” “தெரியும் மிஸ். அதுதானே தேய்க்கிறன்.” வெட்கமே இல்லாத பதில். ஸமீமா எட்டிக் குழாயை இறுக்கி மூடுகிறாள். ரயில் பாதைக்கு அப்பால் கடல் இரைவது இப்போது கேட்கிறது. பிறக்கவேண்டிய குஞ்சுகள் காணில் செதில்களோடு தேங்கி நிற்கின்றன. அவளுக்குப் பின்னால் நின்ற பெரியவர் பையை விரித்து நீட்டுகிறார். “அதை எனக்குத் தாரும் தம்பி. நல்லாத் தேய்ச்சுத் தாரும்.”