சத்தம் புகாத அறை

"இன்னும் நாற்பத்தோரு மணி நேரம்தான் இருக்குக்கா. வெள்ளிக்கிழமை விடியக்காலை விமானம். உங்க பாய்ங்களைக் கொடுங்க, ஜன்னலை மூடணும்."

கலோலைன் கேட்டதும் அவள் கணவனின் அக்கா செலா இடுப்பில் கைவைத்தாள்.

"என் பொண்ணு லெசியேலி கல்யாணத்துக்குன்னு நாலு வருஷம் பின்னின பாய். அதுல ஆணி அடிக்கப் போறியா? முதல்ல அந்த அறையைக் காட்டு."

காட்டினாள். சுவரெங்கும் மெத்தைகள், கம்பளிகள். தகரக் கூரைக்கு அடியில் தேங்காய் நார் மூட்டைகள். நடுவில் ஒரு மேசை, ஒலிவாங்கி, மடிக்கணினி. கதவைச் சாத்தியும் டொக், டொக் என்று கேட்டது. செலாவின் கொட்டகையில் ஏழு பெண்கள் மரப்பட்டையைத் தட்டித் துணியாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க, ஒவ்வொரு அடிக்கும் திரையில கோடு குதிக்குது. இப்படி அனுப்பினா ஏத்துக்க மாட்டாங்க."

"பதினெட்டு வருஷமா வானொலியில சாவு அறிவிப்பு வாசிக்கிறே. அப்பல்லாம் பன்றி கத்தலையா?"

"கத்துச்சு. அதையும் சேர்த்துத்தான் ஒலிபரப்பினாங்க."

செலா சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை நம்ம டோங்காவுல யாரு கட்டையைத் தொடுவா? சர்ச் விட்டு வந்து நிம்மதியா வாசியேன்."

"ஞாயிற்றுக்கிழமை நான் இங்க இருக்க மாட்டேனே."

"ஆமாமா, ஆக்லாந்துக்காரி ஆயிடுவே. பெரிய ரேடியோ, பெரிய சம்பளம். நாத்தனார் முகமாவது ஞாபகம் இருக்குமா?"

கலோலைன் வெந்நீரை ஒரு மிடறு விழுங்கினாள். விழுங்க நேரம் பிடித்தது.

"இன்னும் அறுநூறு வரி பாக்கி. பாய் வேண்டாம்னா, ஒரு நாள் தட்டறதையாவது நிறுத்துங்கக்கா."

"சனிக்கிழமை நம்ம ஊர்ப் பிரபு வீட்டுக் கல்யாணம். துணி முடியலேன்னா என் மானம் போகும். அப்படி என்ன பொல்லாத வேலை இது?"

செலா மேசையிலிருந்த தாளை எடுத்து உரக்கப் படித்தாள்.

"'பசிக்குதா?' 'செருப்பைப் போட்டுக்கிட்டுப் போ.' 'மழை வருது, துணியை எடு.' 'உன்மேல கோபமில்ல, இங்க வா.' அடிப் பொண்ணே, இது என்ன நாடகம்? இதைப் போய் யாரு கேப்பாங்க?"

"என் பிள்ளைங்க."

"அவங்கதான் தினமும் கேக்கறாங்களே!"

கலோலைன் தாளை வாங்கி, மடிப்பை நீவி, இருந்த இடத்திலேயே வைத்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு இன்னும் தெரியாதுக்கா. நீங்களும் சொல்லிடாதீங்க. இந்த வரிகளை வெச்சுத்தான் இனிமே ஒரு கணினி என் குரல்ல அவங்ககிட்ட பேசும். திங்கட்கிழமை ஆக்லாந்து ஆஸ்பத்திரியில என் குரல்வளையை எடுத்துடப் போறாங்க."