விரலில் மாட்டிய கிளிப்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த வேலாயுதத்தின் இதயத்துடிப்பை ஒரு மானிட்டர் பச்சைக் கோடாக வரைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து வந்த ஒயரின் முனையில் இருந்த கிளிப் அவர் விரலில் மாட்டியிருந்தது.

பார்வை நேரத்தில் மகன் தணிகாசலம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வந்ததிலிருந்து என்னையேதான் பார்க்கிறான்" என்று மானிட்டர் பெருமைப்பட்டது.

"இங்கே பெரியவர் கண்ணைத் திறந்துவிட்டார். அவனைக் கூப்பிட விரலைத் தூக்குகிறார்" என்றது கிளிப்.

தூக்கியதில் கிளிப் நழுவியது. மானிட்டர் அலறியது.

"கையை ஆட்டாதீங்கப்பா, கோடு கெட்டுப்போகுது!" திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தணிகாசலம் கிளிப்பை மாட்டிவிட்டான். கோடு ஒழுங்காக ஓடியது. அவனுக்கு மூச்சு வந்தது.

"மறுபடி தூக்குவாரா?" என்று மானிட்டர் எரிச்சலோடு கேட்டது.

"மாட்டார். பையன் சொன்னதும் அசையாமல் வைத்துக்கொண்டார்."

பார்வை நேரம் முடிந்து அவன் வெளியே போன கொஞ்ச நேரத்தில் கோடு நேராகிவிட்டது. டாக்டர்கள் ஓடிவந்தார்கள். என்னென்னவோ செய்து பார்த்தார்கள். கடைசியில் மானிட்டரை அணைத்துவிட்டு மகனை உள்ளே கூப்பிட்டார்கள்.

தணிகாசலம் வந்ததும் திரையைத்தான் பார்த்தான். அது கறுத்துக் கிடந்தது. அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தான்.

அவர் முகம் அந்த நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்தது.