வீட்டுப் பெயர்

கடைக்குள் நுழைந்ததும் அவர் சுவரிலிருந்த சுவிட்சை இரண்டு முறை அணைத்துப் போட்டார்.

விளக்கு கண் சிமிட்டியது. படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்த மகன் நிமிர்ந்து பார்த்தான்.

முப்பத்தாறு வருடமாக அவனைத் தோளில் தட்டியே கூப்பிட்ட அம்மா, காது கேளாதவர்களை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

மூலையில் மருமகள் யாருடைய கல்யாணப் படத்தையோ காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க அத்தை" என்றாள். அத்தை திரும்பவில்லை. திரும்பினால் மனப்பாடம் செய்தது கலைந்துவிடும்.

எட்டு மாதமாகச் சனிக்கிழமை தோறும் சைகை மொழி வகுப்பு. கூடப் படித்ததெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். காலையில் விரல் மடங்காது; வெந்நீரில் கை நனைத்துவிட்டுப் பயிற்சி செய்வார். வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அக்கம்பக்கம் பார்க்காமல் ஏறி, பதினோராவது மாடியின் பெரிய அறைவரை போனவர் அவர். இன்னும் இரண்டு வருடம் இருங்கள் என்று கம்பெனியே கெஞ்சியது. வேண்டாம் என்று எழுந்து வந்தபோது, உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

மகனுக்கு மூன்று வயதில், கையால் பேசிப் பழக்காதீர்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்றார் டாக்டர். அந்தப் பேச்சு அம்மாவுக்கு வசதியாக இருந்தது. கணவர் அதைக் காதில் வாங்காமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அம்மா சொன்னது அப்பா வழியாகப் பிள்ளைக்குப் போயிற்று. பிள்ளை சொன்னது அப்பா வழியாக அம்மாவுக்கு வந்தது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கணவர் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த அன்று அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள்.

சாப்பிட்டாயா.

சாப்பிட்டேன்.

அதற்கு மேல் எழுத இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது, கண்ணாடித் தூளும் பசை நாற்றமுமாக இருந்த கடை நடுவில் நின்றுகொண்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல், வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததிலிருந்தே தொடங்கினார். என் பெயர். பிறகு ஒவ்வோர் எழுத்தாக விரலில் பிடித்தார். மூன்றாவது எழுத்து கோணிக்கொண்டது.

மகன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு சின்ன வயதில் கேட்ட அதே சிரிப்பு. கிட்டே வந்து அவருடைய மோதிர விரலை மடக்கிவிட்டான். கண் மட்டும் கலங்கியிருந்தது.

பிறகு, இவ்வளவு நீளம் எதற்கு என்பதுபோலத் தலையாட்டினான். அம்மாவை நோக்கிக் கை நீட்டினான். இரண்டு விரலால் தன் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டினான்.

அவருக்கு அது தெரியும். மூன்றாவது பாடம். நேரம்.

வேலையாக இருக்கிறான். வேலை நேரத்தில் வந்து நின்றது தன் தப்புதானே. கோபப்பட என்ன இருக்கிறது. சரி, அப்புறம் வருகிறேன் என்று கையாலேயே, ஒரு பிசகில்லாமல் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

மருமகள் ஓடிவந்து முழங்கையைப் பிடித்தாள்.

"போகச் சொல்லலை அத்தை. அது உங்க பேர். நாலு வயசுல அவர் வெச்சதாம். மாமாகூட உங்களை அப்படித்தான் சொல்லுவாங்க."

அவர் நின்றார்.

சாப்பாட்டு மேஜையில் அப்பாவும் பிள்ளையும் கையால் பேசிச் சிரிக்கும்போது அந்தத் தட்டலை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று தனக்கு நினைவூட்டுகிறார்கள் என்றே எண்ணி, ஒவ்வொரு தடவையும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறார்.

மெல்லத் திரும்பினார். மகன் அங்கிருந்த ஒரே முக்காலியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அதை அவர் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, வழக்கமாக அம்மாவைச் சொல்லும் விதத்தில், மறுபடி மணிக்கட்டில் தட்டினான். முகத்தில் மனக்குறை எதுவும் இல்லை.

அவர் பையைக் கீழே வைத்தார்.

கடிகாரம் கட்டுவதை விட்டு எட்டு மாதமாகிறது. வெறும் மணிக்கட்டில் இரண்டு விரலால் இரண்டு முறை தட்டினார். பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

நான்தான்.