காஜா பெராங் முப்பத்தெட்டு

டெலிபோன் ஆபீஸில் பழைய போர்டுக்குப் பக்கத்திலேயே புதுப் போர்டைப் பொருத்திய மருதப்பனுக்கு ஒரே ஒரு லைன்தான் தண்ணி காட்டியது. காஜா பெராங் முப்பத்தெட்டு என்ற அந்த நம்பர் புதியதில் தெரியவே இல்லை. பழையதிலோ தினமும் காலை பத்துக்கு, அழைப்பு வந்ததைக் காட்டும் அதன் பித்தளை மூடி விழும். ஒரு பெரியவர் மணி என்னவென்று கேட்பார், இவர் சொல்வார். பியூஸை மாற்றியும் பயனில்லாமல், அந்த வீட்டுக்கே சைக்கிளில் போனார்.

"போனா? அப்பா செத்ததுமே, ஜப்பான்காரன் காலத்துல, கழட்டிட்டாங்கண்ணே," என்றாள் கதவைத் திறந்த சிவகாமி. போன் மாட்டியிருந்த சுவரில் நான்கு ஆணித் துளைகள் இருந்தன.

மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த திங்கட்கிழமை, ஒயரையெல்லாம் வெட்டிப் பழைய போர்டை லாரியில் ஏற்றினார்கள். முப்பத்தெட்டின் மூடி விழுந்தது. மருதப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்துங்க ஐயா," என்றார்.