பதினோராவது வண்டு

1977இல் பேரையூர்க் கண்மாய்க்குப் பூச்சி பிடிக்கப் போன பாக்கியநாதன் மதுரை வீட்டுக்குத் திரும்பவில்லை. கரையில் கிடந்த அவன் பையில் குட்டைச் சிறகுள்ள ஏழு சாண வண்டுகள் இருந்தன. யாரும் இதுவரை விவரிக்காத இனம். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த அவன் அப்பா சவரியப்பன், 1979 மே மாதம் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இனத்துக்கு மகன் பெயரையே வைத்தார்.

"செத்தவங்க பேரத்தான் வைப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. எம்பிள்ளை பேர அடிங்க," என்றாள் மனைவி இன்னாசியம்மாள்.

அவர் அடிக்கவில்லை. 'ஏழு வண்டுகள், பேரையூரில் மட்டும்' என்று கட்டுரையில் எழுதி, வண்டுகளை ஊசியில் குத்தி வைத்திருந்த பெட்டியைப் பூட்டினார்.

மறுநாள் காலை பெட்டியில் எட்டு இருந்தன. எட்டாவதன் ஊசியில் ஒரு சீட்டு. ஊர் கல்லுப்பட்டி. தேதி நேற்று. பிடித்தவர் பாக்கியநாதன். எல்லாம் மகன் கையெழுத்து. அடுத்த நாள் ஒன்பதாவது வந்தது, திருமங்கலம். பத்தாவது, திருப்பரங்குன்றம்.

"வீட்டுக்குத்தான் வாரான். இப்பவாச்சும் அந்தப் பேர அடிங்க," என்று அழுதாள் இன்னாசியம்மாள். மீன் குழம்பு வைத்தாள். தெருக்கதவைத் திறந்துபோட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். சவரியப்பன் கட்டுரையில் ஓர் இடம் விடாமல் மகன் பெயரை மையால் அடித்தார்.

காலையில் பெட்டியைத் திறந்தார்.

"எந்த ஊரு போட்டிருக்கான்?" வாசலிலிருந்து கேட்டாள்.

பரவை என்றிருந்தது. பரவை, இவர்கள் வீட்டையும் மதுரையையும் தாண்டி, திண்டுக்கல் சாலையில் இருக்கிறது. கீழே, பிடித்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மையால் அடித்திருந்தது.