தட்டு மறையும் ஆழம்

இரண்டு மீட்டரில் தட்டு மறைந்தது.

படகின் விளிம்பில் குனிந்திருந்தவள் கயிற்றை நிறுத்தினாள். கறுப்பும் வெள்ளையும் பூசிய, சோற்றுத் தட்டளவு வட்டம். எந்த ஆழத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ, அதுதான் ஏரியின் தெளிவு.

ஜனவரியில் மூன்று மீட்டர். மாதாமாதம் குறைந்து, ஆகஸ்டில் இரண்டு.

ஏரி கலங்கிவிட்டதென்று வெள்ளிக்கிழமை அவள் அறிக்கை கொடுத்தால் ஏரியில் படகுகளை நிறுத்திவிடுவார்கள். இந்தப் படகையும்தான்.

ஆனால் ஏன் கலங்குகிறது? பாசி கூடவில்லை. சேறும் கூடவில்லை. புட்டி புட்டியாக நீரைச் சோதித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. தூக்கத்தைக் கெடுத்த அந்தப் புதிர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

“மறைஞ்சிடுச்சு” என்றாள், குறித்துக்கொண்டே.

படகோட்டி சவரிமுத்து எட்டிப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“என்னண்ணே?”

“இல்ல மேடம்... எனக்குத் தெரியுது.”

பிழைப்புக்காகப் பொய் சொல்கிறார் என்று கோபம் வந்தது. கோபத்தைவிட ஆவல் பெரிதாக இருந்தது.

கயிற்றின் அளவுக் குறிகளைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு தட்டை மறுபடி இறக்கினாள். ஒருமுறை மெல்ல. ஒருமுறை வேகமாக. ஒருமுறை பாதியில் ஏற்றி இறக்கி. மறையும்போது சொல்லச் சொன்னாள்.

அவர் “இப்ப” என்றபோதெல்லாம் துப்பட்டாவை விலக்கிப் பார்த்தாள்.

மூன்று. மூன்று. மூன்றுக்கு இரண்டு விரல் குறைவு.

பொய் சொல்கிறவருக்கு இப்படிக் கணக்காக வராது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். அவளுக்குத் தட்டு இரண்டிலேயே போய்விட்டது.

பேருந்துப் பலகையில் மங்கலாக எழுதுகிறார்கள் என்று சில மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

ஏரிக்கு ஒன்றுமில்லை.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. கண்ணைப் பற்றிய பயம் கொஞ்சம் பொறுத்துத்தான் வந்தது.

“போன மாசம்?”

“அப்பவும் தெரிஞ்சது மேடம். எல்லா மாசமும் தெரிஞ்சுகிட்டுதான் இருக்கு.”

“படகை நிறுத்திடுவாங்கன்னு தெரியுமில்ல? ஏண்ணே சொல்லல?”

அவர் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“படிச்சவங்க மறைஞ்சிடுச்சுன்னு சொல்றீங்க. அதுக்கு வேற ஏதோ கணக்கு இருக்கும்னு இருந்துட்டேன்.”

நோட்டில் ஜனவரிக்குப் பிந்திய அளவுகளையெல்லாம் கோடிட்டு அடித்தாள்.

கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.